ஐம்பத்தைந்து ரூபாய் கிராஃப் நோட்டு: உப்பு ஆலையில் ஒரு வருஷம்

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பிராக்டிகலுக்கு வாங்குவார்களே, அந்த ஏ4 கிராஃப் நோட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். 40 பக்கம், ஆரஞ்சு நிறத்தில் மில்லிமீட்டர் கட்டம், கெட்டி அட்டை. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 55 ரூபாய்க்கு வாங்கினேன். போன வருஷம் முதல் நோட்டு, இப்போது ஏழாவது நோட்டு நடக்கிறது. எங்கள் ஆலையின் தரக் கட்டுப்பாடு முழுவதும் இந்த நோட்டில்தான், கன்ட்ரோல் சார்ட் என்கிற படமாக இருக்கிறது. அளந்த எண்களைப் புள்ளியாக வைத்து, மிஷினில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்கும் படம் அது. சின்ன ஆலை வைத்திருப்பவர்களுக்கும் என்னைப் போல லேப் பார்ப்பவர்களுக்கும் உதவும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

எங்கள் ஆலை வாலிநோக்கம் பக்கம். உப்பளத்திலிருந்து வரும் உப்பைக் கழுவி, அரைத்து, அயோடின் கலந்து, ஒரு கிலோ பாக்கெட்டாகக் கட்டுகிறோம். அரசு உப்பு நிறுவனத்தின் பெரிய அளம் இருக்கிற அதே கடற்கரைதான், ஆனால் எங்களுடையது தனியார், சின்னது. ஒரு ஷிப்ட், ஒரு பேக்கிங் மிஷின், ஒரு லேப். லேபில் நான் ஒருத்தி, நான் லீவு போட்டால் வந்து பார்க்க ஒரு பெண்.

இதற்கு முன்னால் ரெஜிஸ்டர் வைத்திருந்தோம். நீளமான கணக்கு நோட்டில் நேரம், எடை, அயோடின் அளவு, கையெழுத்து. வருஷக்கணக்காக எழுதினோம். எண்ணை எழுதிப் பக்கத்தைப் புரட்டினால் அதோடு சரி. 1004, 1011, 998, 1015 என்று ஒரு பக்கம் நிறைய இருந்தாலும் அதைப் பார்த்து மிஷின் நன்றாக ஓடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணாக இருக்கும்வரை எதுவும் கண்ணில் படாது. அதே எண்களைப் புள்ளியாக வைத்துக் கோட்டால் சேர்த்தால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

நடுவில் ஒரு சாஃப்ட்வேரும் வாங்கிப் பார்த்தோம். டேப்லெட்டில் எடையைத் தட்டினால் தானே படம் வரைந்து, முதலாளி போனுக்குச் செய்தி அனுப்பும். வருஷச் சந்தா 18,000 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு குறை இருந்தது. உப்புத் தூசியில் சார்ஜ் ஏற்றும் துளை நாலு மாதத்தில் பச்சை பூத்துப் போனது. அது எங்கள் ஊர்க் காற்றின் குணம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டாவது குறைதான் பெரியது. படத்தில் மேல் கோடு, கீழ் கோடு என்று அவர்கள் போட்டுக் கொடுத்தது சட்டம் அனுமதிக்கிற எடை வித்தியாசத்தை. ஒரு கிலோ பாக்கெட்டுக்கு 15 கிராம் வரை குறையலாம் என்று எடையளவுச் சட்ட விதியில் இருக்கிறது. அதையே கோடாகப் போட்டு, கோட்டுக்குள் இருந்தால் பச்சை விளக்கு, வெளியே போனால் சிவப்பு விளக்கு என்று வைத்துவிட்டார்கள்.

அது கன்ட்ரோல் சார்ட் ஆகாது. சட்டம் சொல்லும் எல்லை வேறு, மிஷின் சொல்லும் எல்லை வேறு. இந்த ஒன்று புரிந்தால் பாதி வேலை முடிந்தது. எந்த மிஷினும் எல்லாப் பாக்கெட்டையும் ஒரே எடையில் போடாது. நல்ல நிலையில் ஓடும்போதே கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்த இயல்பான ஆட்டம் எவ்வளவு என்பதை மிஷினிடமிருந்தே அளந்து எடுக்க வேண்டும். கன்ட்ரோல் சார்ட்டின் கோடு அங்கிருந்துதான் வருகிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் ஏதோ மாறியிருக்கிறது, தேடு என்று பொருள். சட்டத்துக்கு உட்பட்டே பாக்கெட் இருக்கும், ஆனாலும் மிஷினில் கோளாறு ஆரம்பித்திருக்கும். அந்தப் பச்சை விளக்கு அதைச் சொல்லாது.

முறை ஒன்றும் புதிதல்ல. வால்டர் ஷூவார்ட் என்ற அமெரிக்கர், டெலிபோன் சாமான் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, 1924 மே 16 அன்று தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். இந்தப் படம் முதலில் வந்தது அதில்தான். 1947-48இல் நம் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் ஏற்பாட்டில் இந்தியாவுக்கும் வந்து, இங்குள்ள ஆலைக்காரர்களிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அந்தக் காலத்தில் எல்லாமே காகிதமும் பென்சிலும்தான். நான் நோட்டுக்குத் திரும்பியதற்கு அதுவும் ஒரு தைரியம்.

எடைப் படம் போட்ட விதத்தைச் சொல்கிறேன். அரை மணிக்கு ஒரு முறை அடுத்தடுத்து வரும் ஐந்து பாக்கெட்டை எடுத்து நிறுப்போம். ஒரு நாள் வந்தவை: 1004, 1009, 1001, 1007, 1009. கூட்டினால் 5030, சராசரி 1006. பெரியதில் சிறியதைக் கழித்தால் 8, அதுதான் வீச்சு. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வருகிற அதே வீச்சுதான். இப்படி 25 முறை எடுத்து, எல்லாச் சராசரிகளுக்கும் ஒரு சராசரி, எல்லா வீச்சுகளுக்கும் ஒரு சராசரி கண்டோம். எங்களுக்கு 1006உம் 8உம் வந்தன. ஐந்து ஐந்தாக எடுத்தால் வீச்சின் சராசரியை 0.577ஆல் பெருக்க வேண்டும். 4.6 வரும். அதை 1006உடன் கூட்டினால் மேல் கோடு 1010.6, கழித்தால் கீழ் கோடு 1001.4. வீச்சுக்குத் தனிப் படம், அதன் மேல் கோட்டுக்கு 2.114ஆல் பெருக்க வேண்டும், 17 கிராம் வரும். ஐந்து பாக்கெட்டுக்கு வீச்சில் கீழ் கோடு கிடையாது. அவ்வளவுதான் கணக்கு. கால்குலேட்டர் போதும்.

நோட்டின் கட்டம் இதற்கென்றே அச்சடித்தது போல இருக்கிறது. ஒரு கிராமுக்கு ஐந்து சின்னக் கட்டம் வைத்தேன். பக்கவாட்டில் ஐந்து கட்டத்துக்கு ஒரு புள்ளி. மேலே சராசரி, கீழே வீச்சு. ஒரு பக்கத்தில் இரண்டு நாள் அடங்கும், ஒரு நோட்டு மூன்று மாதம் வரும். நடுக்கோடு நீல மையில், எல்லைக் கோடுகள் சிவப்பில், புள்ளி பென்சிலில்.

நோட்டு முதலில் தீர்த்து வைத்தது ஒரு பழைய தகராறை. பேக்கிங் மிஷின் ஓட்டும் அண்ணன் கெட்டிக்காரர். இருபது வருஷமாக உப்பிலேயே இருக்கிறார். மிஷினில் உப்பை அளந்து கொட்டும் கப்பின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அண்ணன் ஒரு பாக்கெட்டை எடுத்து நிறுப்பார். குறைந்தால் திருகைக் கூட்டுவார், அடுத்தது கூடியிருந்தால் குறைப்பார். நாள் முழுக்கக் கை திருகிலேயே இருக்கும். அவருடைய அக்கறையில் துளிகூடக் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்றைய புள்ளிகளை வைத்துப் பார்த்தால் சராசரி 1000க்கும் 1019க்கும் நடுவே ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியது.

படத்தைக் காட்டி, "அண்ணே, ஒரு நாள் திருகைத் தொடாம பாப்போமா?" என்று கேட்டேன். "தாயி, குறைஞ்ச பாக்கெட் கடைக்குப் போனா பேரு கெட்டுப்போகும்" என்றார். அவர் பயம் நியாயமானது. அதனால் 1006இல் வைத்து, திருகின் கைப்பிடியைப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினோம். கட்டியவரும் அவர்தான். அன்று முழுக்க நான் அரை மணிக்கு ஒரு முறை போய் நிறுத்தேன். சராசரி 1002க்குக் கீழே இறங்கவும் இல்லை, 1010க்கு மேலே ஏறவும் இல்லை. மேலே சொன்ன 1006, 8 என்ற கணக்கு துணி கட்டிய பிறகு எடுத்ததுதான்.

நடந்தது இதுதான். ஒரு பாக்கெட் 1001 வருவதும் அடுத்தது 1009 வருவதும் மிஷினின் இயல்பான ஆட்டம். 1001ஐப் பார்த்து ஐந்து கிராம் கூட்டினால், அந்த ஆட்டத்தின் மேல் நம் கையின் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தை முழுசாகச் சரிக்கட்டிக்கொண்டே போனால் சிதறல் ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூடும் என்பது கணக்குப் போட்டே நிரூபித்த விஷயம். கோட்டுக்குள் இருக்கும்வரை கையை எடு, கோட்டைத் தாண்டினால் மட்டும் கையை வை. சார்ட்டின் பெரிய உபகாரம் என்று நான் நினைப்பது இதைத்தான். எப்போது தொட வேண்டும் என்பதை ரெஜிஸ்டரும் ஓரளவு சொல்லும். எப்போது தொடக்கூடாது என்பதைப் படம்தான் சொல்லும்.

இப்போது அண்ணனே புள்ளி வைக்கிறார். முதல் வாரம் நான் வைத்தேன். அப்புறம் பென்சிலை அவர் கையில் கொடுத்துவிட்டேன். நோட்டு மிஷின் பக்கத்துத் தூணில் ஆணியில் தொங்குகிறது. ஓட்டுகிறவர் கண்ணெதிரே தொங்காமல் ஆபீஸ் அலமாரியில் இருந்திருந்தால் இந்த விமர்சனத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

பண லாபம் எவ்வளவு என்று கேட்பீர்கள். எடையில் பெரிதாக இல்லை. முன்பெல்லாம் குறைந்துவிடக் கூடாதென்று சராசரியை 1011, 1012இல் வைத்திருந்தோம், இப்போது 1006. பாக்கெட்டுக்கு ஐந்தாறு கிராம் மிச்சம். உப்பு விற்கிற விலைக்கு அது பெரிய தொகை இல்லை. மிளகாய்ப் பொடியோ முந்திரியோ கட்டுகிறவர்களுக்கு இதே ஐந்து கிராம் பெரிய காசு.

எங்களுக்கு உயிர் போகிற விஷயம் அயோடின். கடையில் இருக்கும்போது உப்பில் 15 பிபிஎம்முக்குக் குறையக்கூடாது, அதாவது பத்து லட்சம் பங்கு உப்பில் 15 பங்கு. பொட்டாசியம் அயோடேட் கரைசலை, ஓடுகிற உப்பின் மேல் நாசில் வழியாகத் தெளிக்கிறோம். மணிக்கு ஒரு முறை சோதனை. பத்து கிராம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் விட்டு, பத்து நிமிஷம் இருட்டில் வைத்தால் மஞ்சள் நிறம் வரும். பியூரெட்டிலிருந்து தயோசல்ஃபேட் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளுத்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் சட்டென்று கருநீலம் ஆகும். இன்னும் சில சொட்டில் அந்தக் கருநீலம் காணாமல் போய் நிறமில்லாத தண்ணீராகிவிடும். எத்தனை மில்லி இறங்கியதோ அதை 10.58ஆல் பெருக்கினால் பிபிஎம். தயோசல்ஃபேட் கரைசலின் வலு 0.005 நார்மலாக இருந்தால் இந்தக் கணக்கு.

மணிக்கு ஒரே எண் வருவதால் இங்கே ஐந்தைந்தாகச் சேர்க்க முடியாது. ஒவ்வொரு எண்ணையும் அப்படியே புள்ளியாக வைத்து, அடுத்தடுத்த இரண்டுக்கு உள்ள வித்தியாசத்தை வீச்சாக எடுக்க வேண்டும். எங்கள் சராசரி 24, வித்தியாசத்தின் சராசரி 1.5. இதற்குப் பெருக்க வேண்டிய எண் 2.66. ஆகக் கோடுகள் 28இலும் 20இலும்.

போன ஆவணியில் ஒரு நாள் வரிசையாக வந்தவை இவை: 25.9, 25.4, 24.9, 24.3, 23.8, 22.7, 22.2. எல்லாம் கோட்டுக்குள்தான். சட்டத்தைக் கேட்டால் அருமை என்று சொல்லும். பழைய ரெஜிஸ்டராக இருந்தால் நானே கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். நோட்டில் அது மாடிப்படி இறங்குவது போலத் தெரிந்தது. ஆறு புள்ளி விடாமல் ஒரே திசையில் போனால் தற்செயல் என்று விடக்கூடாது. நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் எட்டு புள்ளி தொடர்ந்து விழுந்தாலும் அப்படித்தான். எட்டுப் புள்ளிக் கணக்கு வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்காரர்கள் 1956இல் வகுத்து வைத்த விதிகளில் ஒன்று.

மிஷினை நிறுத்தி நாசிலைக் கழற்றினோம். வாய்க்குள் உப்பு ஏறிக் கல்லாகி, ஊசி நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம் இருந்தது. வெளியே பார்த்தால் தெளிப்பது போலவே தெரியும். வெந்நீரில் போட்டுக் கழுவி மாட்டியதும் அடுத்த சோதனையில் 24.9. அன்று விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் 20ஐத் தாண்டி இறங்கியிருக்கும், மறுநாள் லாரி ஏறியிருக்கும். தாய்மார் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும் என்று படித்தவள் நான். இந்த ஒரு பக்கத்தை மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

இன்னொரு முறை புள்ளிகள் மெல்ல மேலே ஏறின. நாசிலில் கோளாறு இல்லை, கரைசலும் சரியாகத்தான் கலந்திருந்தது. கடைசியில் பார்த்தால் என் தயோ கரைசல் பழசாகி வலு குறைந்திருந்தது. வலு குறைந்த தயோ கூடுதலாக இறங்கும், அயோடின் நிறைய இருப்பது போலக் காட்டும். குறையை மறைத்து நிறைவாகக் காட்டுவதால் இது இறங்குவதைவிட ஆபத்து. அன்றிலிருந்து வாராவாரம் தயோவைச் சரிபார்த்து, அந்தத் தேதியையும் படத்தின் ஓரத்தில் எழுதுகிறேன். சார்ட்டில் மிஷின் மட்டும் தெரியாது, அளப்பவரின் கையும் மருந்தும் சேர்ந்தே தெரியும்.

சரி, நோட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். காகிதம் மெலிசு. ஜெல் பேனா மறுபக்கம் ஊறுகிறது, பால்பாயிண்ட் பேனாதான் சரி. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு மழை வந்தால் பக்கம் நமநமத்து, பென்சில் அழுந்திக் கிழிகிறது. அந்த இரண்டு மாதமும் நோட்டைப் பாலித்தீன் பைக்குள் வைத்துத்தான் தொங்கவிடுகிறோம். கம்பி பைண்டிங் வாங்கவே வாங்காதீர்கள், எங்கள் காற்றில் ஒரு மாதத்தில் துருவேறிப் பக்கம் பக்கமாகக் கழன்றுவிடும். நூல் தைத்த நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவதாக வாங்கிய நோட்டில் கட்டம் கொஞ்சம் சாய்ந்து அச்சாகியிருந்தது. கடையிலேயே ஒரு ஸ்கேல் வைத்துப் பார்த்து எடுப்பது நல்லது. போன வருஷம் இதே மாதம் என்ன நடந்தது என்று தேட வேண்டுமானால் பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். வெளியூர் கஸ்டமர் கேட்டால் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன், அவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

முறையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. எல்லாம் சரியாக இருந்தாலும் சுமார் 370 புள்ளிக்கு ஒன்று சும்மாவே கோட்டைத் தாண்டும். அண்ணன் முதல் முறை அப்படி வந்தபோது கப், பெல்ட், தராசு என்று ஒரு மணி நேரம் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. தேடியது தப்பில்லை. கிடைக்காவிட்டால் ஓரத்தில் "பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு, திருகைத் தொடாமல் வர வேண்டும். மழைக்காலத்தில் இருப்பு உப்பில் ஈரம் ஏறி, கப்பில் விழும் உப்பின் கனமே மாறிவிடும். அப்போது பழைய கோட்டை வைத்து மல்லுக்கட்டாமல் புதிதாக 25 முறை எடுத்துக் கோட்டை மாற்றிப் போட வேண்டும். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதத்துக்கு ஒரு கோடு, மழை மாதத்துக்கு ஒரு கோடு என்றுதான் எங்கள் நோட்டில் இருக்கிறது.

மண்டபம் பக்கம் நண்டுக் கறி எடுக்கும் கூடத்தில் வேலை பார்க்கும் என் சித்தி மகள் இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்களுக்கு எடை பிரச்சினை இல்ல, ஓட்டுத் துணுக்குதான் பிரச்சினை, அதுக்கு ஆகுமா?" என்று கேட்டாள். ஆகும், ஆனால் கணக்கு வேறு. அங்கே அளப்பதில்லை, எண்ணுவது. ஒரே அளவு டப்பாவில் எத்தனை துணுக்கு என்று எண்ணி, 20, 25 டப்பாவுக்குச் சராசரி கண்டு, அந்தச் சராசரியின் வர்க்கமூலத்தை மூன்றால் பெருக்கிக் கூட்டினால் மேல் கோடு, கழித்தால் கீழ் கோடு. சராசரி நாலு என்றால் வர்க்கமூலம் இரண்டு, மேல் கோடு பத்து. கீழே கழித்தால் பூஜ்யத்துக்கும் கீழே போகும், அதனால் கீழ் கோடு வேண்டாம். அவளும் ஒரு நோட்டு வாங்கிவிட்டாள்.

வருஷத்துக்கு எடைக்கும் அயோடினுக்குமாக ஆறு நோட்டு, 330 ரூபாய். பென்சில், ரப்பர், ஸ்கேல் தனி. ஒரே ஷிப்ட், ஒன்றிரண்டு மிஷின் என்றால் தயங்காமல் வாங்கலாம். பத்து மிஷின், மூன்று ஷிப்ட் ஓடும் இடத்துக்குக் கையால் வரைவது கட்டாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும். அப்போதும் சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடம் கோடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்கள். உங்கள் மிஷினின் எண்களிலிருந்து என்று சொல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

திருகில் கட்டிய வேட்டித் துணி இன்னும் இருக்கிறது. இந்த வருஷத்தில் நாலு முறைதான் அவிழ்த்தோம். நாலு முறைக்கும் காரணம் என்ன என்று நோட்டின் ஓரத்தில் அண்ணன் கையெழுத்தில் இருக்கிறது.